கம்ப்யூட்டருக்கு வந்த மயக்கம்

கம்போங் ராஜாவிலிருந்து பிரிஞ்சாங் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாளும் அவருடைய நாத்தனாரும். “கம்ப்யூட்டருக்கு நேத்தும் மயக்கம் வந்துருச்சி மல்லிகா” என்றார் அம்மாள். கோலா தெர்லாவில் அவர்களுடைய தக்காளிக் கொட்டகைக்குத் தண்ணீர் திறந்துவிடும் கையளவுக் கம்ப்யூட்டர் அது என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“எந்த சார்ஜர்ல போட்டிருக்கீங்க அண்ணி?”

“உங்கண்ணன் போன் சார்ஜர். அறுபத்தஞ்சு வாட்லா!”

“அந்த வாட்டெல்லாம் போன் கேட்டாத்தான் வரும். இதுக்கு அஞ்சு வோல்ட்ல மூணு ஆம்ப் விடாம வரணும். வாங்குறப்ப கூடவே அடாப்டர் தந்திருப்பானே?”

“தந்தான். நல்ல அடாப்டர்லா. சாமி ரூம்ல முருகன் படத்து லைட்டுக்குப் போட்டிருக்கேன். ஒரு நாள்கூட மினுக்குனதில்ல.”

“அதைக் கழட்டி இதுல போடுங்க அண்ணி. பாதிச் செடி வாடிருச்சின்னு நீங்கதானே சொன்னீங்க?”

அம்மாள் மல்லிகா பக்கம் திரும்பினார்.

“எப்படிக் கழட்டுறது? கம்ப்யூட்டர் நிக்காம ஓடணும்னு வேண்டிக்கிட்டு, வாங்குன அன்னைக்கே போட்ட லைட்டுலா அது.”