கால் கூசிய இடம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளங்காலில் கூச்சம் அதிகம். தரையில் ஒரு தலைமுடி கிடந்தாலும் கால் சொல்லிவிடும். அதை வைத்து என்னைப் படாதபாடு படுத்தியவள் என் தங்கை. நான் அசந்து தூங்கும்போது காலடியில் விரலை ஓட்டிவிட்டு ஓடிப்போவாள். அந்தக் கூச்சம்தான் பிற்பாடு எனக்குச் சோறு போட்டது. எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரோபோக்களை மோதவிடும் அரங்கத்தில் நான் தரைக்காரன். மேடை முழங்கால் உயரம். நாலு பக்கமும் கண்ணாடி மாதிரித் தெரியும் கெட்டி பிளாஸ்டிக் சுவர். மேடைமேல் இரும்புத் தகடுகளை ஒட்ட ஒட்ட வைத்து போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். ஒரு மோதல் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் எனக்குப் பத்து நிமிடம். காந்தம் கட்டிய துடைப்பத்தால் திருகாணி, சில்லு எல்லாம் பொறுக்குவேன். கிழிந்த இடத்தைப் பற்றவைப்பேன், எழும்பிய விளிம்பைத் தட்டி இறக்கி கிரைண்டரால் தேய்ப்பேன். சூடு ஆறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு இணைப்பின் மேலும் நடப்பேன். அளவுகோல் கொண்டுவந்து பார்த்தவர்கள்கூட, இவன் காலே போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கும் கூசவில்லை என்றால் வெளியே வந்து "சரி" என்பேன். அந்த ஒரு சொல் வந்தால்தான் கதவை மூடுவார்கள். அதற்குமேல் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

தங்கையின் கணவரை நான் மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். அவருடைய ரோபோவின் முகத்தில் ஒரு உருளை சுழலும். அந்த உருளையில் உள்ளங்கை அகலத்தில், விரல் கனத்தில் ஒரு இரும்புப் பல், அவரே பற்றவைத்தது. கெட்டிக்காரர், எனக்கு அவர்மேல் பொறாமை எல்லாம் கிடையாது. அந்த ரோபோவின் முதல் சட்டத்தைப் பற்றவைத்தவன் நான். அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. நானும் ஞாபகப்படுத்தியதில்லை.

போன வருடம் அவர் கோப்பை வாங்கிய அன்று எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "மச்சானையும் உங்க டீம்ல சேத்துக்கலாமே" என்று யாரோ கேட்டார்கள்.

"அதெப்படி? நாங்க கிழிக்கிறோம், அவரு தேய்க்கிறாரு. ஆளுக்கு ஒரு வேலை வேணாமா?" என்றார் மாப்பிள்ளை.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நல்ல பேச்சுதானே. தங்கைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான்தான் அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

தேய்க்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. எந்த ரோபோ எப்படி ஓடும் என்பதைக் கீறலே காட்டிக்கொடுத்துவிடும். மாப்பிள்ளையின் ரோபோ தொடங்கியதும் இடதுபக்கச் சுவரை ஒட்டி முழு வேகத்தில் வரும், மூன்றாவது தகட்டில் திரும்பும். வேறு யாரும் அந்த ஓரத்துக்கு வருவதில்லை. அடுத்த போட்டியன்று, அவருடைய மோதலுக்கு முன்னால், அந்தத் தகட்டின் இரண்டு போல்ட்டை நான் தளர்த்தினேன். ஒரு நாணயத்தின் கனத்துக்கு விளிம்பு எழும்பினால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் எழும்பவில்லை. சுவருக்கடியில் தகட்டை அழுத்திப் பிடிக்கும் பட்டை விடவில்லை. அதனால் பட்டையின் மூன்று போல்ட்டையும் தளர்த்தினேன். விளிம்பு எழும்பியது. சுவருக்கடியில் இரண்டு விரல் இடைவெளியும் விழுந்தது. அதையும் பார்த்தேன்.

ரோபோ தடுக்கிக் குப்புற விழ வேண்டும், சக்கரத்தை உதறிக்கொண்டு கிடக்க வேண்டும், நாலு பேர் சிரிக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பிறகு வழக்கம்போல வெறுங்காலில் நடந்தேன். அந்த இடத்தில் கால் கூசியது. வெளியே வந்து நாக்கூசாமல் "சரி" என்றேன்.

கதவை மூடினார்கள். நாலு விநாடி ஆகியிருக்கும். சுழன்ற பல் விளிம்பைக் கடித்துப் பிய்ந்து, சுவருக்கடியில் நுழைந்து வெளியே போயிற்று. அங்கே மாற்று பேட்டரியைப் பிடித்துக்கொண்டு தங்கை நின்றிருந்தாள். இடது முழங்காலுக்குக் கீழே பட்டது.

எல்லாரும் அவளிடம் ஓடினார்கள். நான் மேடைக்குள் போனேன். "அண்ணா, அண்ணா" என்று அவள் கூப்பிட்டது கேட்டது. புருஷன் மடியில் கிடந்துகொண்டு என்னைத்தான் கூப்பிட்டாள். நான் சுத்தியலால் விளிம்பைத் தட்டி இறக்கினேன், ஐந்து போல்ட்டையும் முடுக்கினேன். மேலே ஒருமுறை நடந்து பார்த்தேன், கூசவில்லை. அதற்குப் பிறகுதான் அவளிடம் போனேன். என்னைப் பார்த்தவர்கள் இருந்தார்கள் ஐயா. மோதல் முடிந்தால் தரைக்காரன் தரையில்தானே இருப்பான், அவர்களுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

விசாரிக்க வந்தவர்கள் பல்லைக் கொண்டுவந்து என்னிடமே காட்டிக் கருத்துக் கேட்டார்கள். "பத்தவச்சது கொஞ்சம் அவசரத்துல வச்ச மாதிரி இருக்குங்க" என்றேன். பல் பிய்ந்த வேகத்தில் பட்டையை நெளித்துக்கொண்டு போயிருக்கும் என்று எழுதி, மாப்பிள்ளையை அரங்கத்துப் பக்கமே வரக்கூடாது என்றார்கள். அவரும் நம்பிவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், என் கையாலயே அவ கால எடுத்துட்டேனே" என்று அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, "விடுங்க மாப்பிள்ளை. தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கொஞ்சம் ஜன்னல் பக்கம் பார்த்துப் பேசுகிறேன்.

எட்டு மாதமாகத் தங்கை என் வீட்டில்தான் இருக்கிறாள். புருஷன் வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். செயற்கைக் கால் தடுக்கக்கூடாது என்று வீட்டு வாசற்படியை எல்லாம் இடித்துத் தரையைச் சமமாக்கினேன். ஒவ்வொரு அறையிலும் வெறுங்காலில் நடந்து பார்த்தேன். "எங்கண்ணன் போட்ட தரை, கண்ண மூடிட்டு நடக்கலாம்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் வாய் நிறையச் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருக்கும். ஆனாலும் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன்.

இன்று காலை அவள் விவாகரத்துக் காகிதத்தை என் முன்னால் வைத்தாள்.

"நீ சொல்லுண்ணா. கையெழுத்துப் போட்டுடட்டுமா? நீ சரின்னா எனக்குச் சரி."

"சரி" என்றேன்.

அதே சொல், அதே குரல். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் பேனாவைத் தேடிக்கொண்டு எழுந்தாள். நான் காகிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் இந்த ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். இதோ இருக்கிறது, கையெழுத்து இன்னும் விழவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், அவர் பற்றவைத்ததில் ஒரு குறையும் இல்லை. என் வேலையைவிடச் சுத்தமாக இருந்தது.

அவள் அங்கே நிற்பாள் என்று தெரியுமா என்று முதலிலேயே கேட்டீர்கள். அத்தனை கூட்டத்தில் யார் எங்கே நிற்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அந்தப் பதிலை அடித்துவிடுங்கள் ஐயா. நின்று நின்று கால் வலிக்கிறது என்று அவள் சொன்னதால், மூன்றாவது தகட்டுக்கு நேரே, சுவருக்கு வெளியே, அவளுக்காக ஒரு ரப்பர் விரிப்புப் போட்டுவைத்தவன் நான். அன்று காலையிலும் அதை உதறி, சுருக்கம் எடுத்து, அதே இடத்தில் போட்டேன். போட்டுவிட்டுத்தான் போல்ட்டைத் தளர்த்தப் போனேன்.