ஆறாவது பூட்டுக்கு உரிய அம்மையாருக்கு

வார்ப்பில் ஒளிந்திருக்கும் மயிரிழை விரிசலையும் வளைத்துப் பிடிக்கும் விழியே! வளைந்து கொடுக்காத மொழியே! கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் பம்புத் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் முத்திரை பதித்து, இன்று பணி நிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய சாராள் அம்மையாரே! நாடகக் குழுவினர் நாங்கள் நாவார அழைக்கும் சாராக்காவே! வணக்கம்.

இந்த மடலை முன்கூட்டியே பார்வைக்குத் தரும்படி மேலாளர் ஐயா கேட்டார்கள். அச்சகத்திலிருந்து இன்னும் வரவில்லை என்றோம். அது பொய். அப்போதே இது ஸ்டோர் பாக்கியநாதனின் மேசை டிராயரில் பத்திரமாக இருந்தது. மன்னியுங்கள் ஐயா. இன்றைய கணக்குக்கு அந்த ஒரு பொய் போதும். இனி வருவதெல்லாம் உண்மை.

சோழவரத்து முதல் பஸ்ஸில் ஏறி, சங்கு ஊதுமுன் சோதனை மேசையில் நிற்பவரே! நீங்கள் தேறாது என்று சிவப்புச் சாயம் பூசிய பம்பை எந்த அதிகாரி சொல்லியும் எவரும் பெட்டியில் வைத்ததில்லை. 'சின்ன விரிசல்தானேம்மா' என்று கெஞ்சியவரிடம் 'விரிசல்ல இன்னாப்பா சின்னது, பெர்சு?' என்று கேட்டு அனுப்பிய வாய் உங்கள் வாய். அந்த வாய்க்கு அஞ்சியவர்கள் ஆயிரம் பேர். அதிலே நாங்களும் அடக்கம் என்பதால்தான் கீழே வரும் கதை நடந்தது.

பாதுகாப்பு வாரத்தில் நடக்கும் தொழிற்பேட்டை நாடகப் போட்டியில் ஐந்து ஆண்டுகள் அடுத்தடுத்துக் கேடயம் கொண்டுவந்த கலைமணியே! எழுதியது நீங்கள், பழக்கியது நீங்கள், நடித்தது உங்களோடு சேர்த்து நாங்கள் ஆறு பேர். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய பிப்ரவரியில் ஆறாவது கேடயத்துக்காக ஒத்திகை பார்த்தோம். ஓய்வில்லாமல் உழைத்த ஒருவன், இயந்திரத்தின் முன் நின்றபடியே கண்ணயர்ந்து கையை இழக்கும் கதை. அந்த ஒருவனாக நடித்தவர், தகடு அழுத்தும் பிரஸ் பிரிவுக் குணா. ஆர்டர் குவிந்திருந்த மாதம் அது. டபுள் ஷிப்ட் முடித்து, முகம்கூடக் கழுவாமல் ஒத்திகைக்கு வருவோம். ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் நீங்கள் கேட்பீர்கள்: "ஒடம்பு எப்டி கீது? நெசத்த சொல்லு." நாங்கள் ஒரே குரலில் சொல்வோம்: "சூப்பரா கீறோம்க்கா. ஆயிடும்க்கா." உங்கள் முகம் வாடுவதைப் பார்க்க எங்களுக்குத் துணிவில்லை.

அம்மா, இப்போது சொல்லப்போவதை உங்களிடம் இதுவரை எவரும் சொல்லவில்லை. கண்ணயரும் காட்சியில் குணா தலை சாய்த்து, வாய் பிளந்து, எச்சில் வழிய நின்றபோது நீங்கள் கண் கலங்கி, "இன்னா நடிப்புடா! நெசமாவே தூங்கற மாறியே கீது!" என்று கைதட்டினீர்கள். அது நடிப்பல்ல. குணா தூங்கித்தான் போனார். அவர் குறட்டை விடாதபடி பக்கத்தில் நின்ற பூமிகா காலால் மிதித்துக்கொண்டிருந்தார். உங்கள் கைதட்டலில் நாங்களும் சேர்ந்து கைதட்டினோம், அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

மூன்றாம் நாள் காலை குணா நிஜ பிரஸ்ஸின் முன் அதே மாதிரி நின்றார். அடுத்த மெஷினில் இருந்த பூமிகா ஓடிவந்து, மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தார். கையுறையின் நான்கு விரல் நுனிகள் அச்சுக்குள் நசுங்கின. உள்ளே இருந்த விரல்கள் ஒரு நூல் இடைவெளியில் தப்பின. எண்ணெயில் வழுக்கியது என்று உங்களிடம் சொன்னோம். விரிசல் தேடும் விழியிடம் அது செல்லுமா? குப்பைத் தொட்டியிலிருந்து அந்தக் கையுறையை எடுத்துவந்து ஒத்திகை மேசையில் வைத்தீர்கள். "எண்ணெயில வழுக்கனா கிளவுஸு இப்டியா நசுங்கும்?" என்றீர்கள்.

மறுநாள் ஒத்திகைக் கொட்டகைக் கதவில் ஓர் இரும்புக் கொக்கி தொங்கியது. ஆறு துளைகள் கொண்ட கொக்கி. இயந்திரத்துக்குள் கைவிட்டுப் பழுது பார்க்கும் ஒவ்வொருவரும் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் இந்தக் கொக்கியைக் கோத்து, தம் பெயர் எழுதிய பூட்டை ஒரு துளையில் மாட்டுவார்கள். ஒரு பூட்டு மிச்சமிருந்தாலும் மெஷின் ஓடாது, மாட்டியவரைத் தவிர வேறு எவரும் கழற்றக் கூடாது. அந்த விதியை நம் நாடகத்துக்கும் சட்டமாக்கினீர்கள், அம்மா! இன்றைக்கு முடியாதவர் பூட்டை மாட்டட்டும், காரணம் கேட்கமாட்டேன், ஒரு பூட்டு தொங்கினாலும் ஒத்திகை இல்லை என்று கதவில் எழுதி ஒட்டினீர்கள்.

அன்று மாலை நாங்கள் ஐவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் பாக்கெட்டில் பூட்டோடு வந்தோம். கதவருகே போனால், எங்களுக்கு முன்பே ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதில் 'சாராள்' என்று எழுதியிருந்தது. முந்தைய வாரம் உங்கள் புறங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்து விசாரித்தபோது "டீ கொட்டிக்கினேன்" என்றீர்களே, அது டிரிப்ஸ் ஏற்றிய இடம் என்று அன்றுதான் சொன்னீர்கள். எங்களுக்காக நீங்கள் இழுத்தீர்கள், உங்களுக்காக நாங்கள் இழுத்தோம். எவருக்குமே வேண்டாத தேரை ஆறு பேரும் ஊர் சுற்ற வைத்திருக்கிறோம்! கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தோம், சிலர் அழுதோம்.

அந்த ஆண்டு நாம் போட்டிக்கே போகவில்லை, கேடயம் வேறு கம்பெனிக்குப் போனது. உங்களுக்கு மெமோ வந்தது. "நாடகம் தயார், ஆட்கள் தயாரில்லை" என்று ஒரே வரியில் பதில் எழுதினீர்கள். அடுத்த ஆண்டு பத்தே நிமிட நாடகம் போட்டு மூன்றாம் பரிசு வாங்கினோம். அந்த மேடையில் குணா நிஜமாகவே நடித்தார், பத்து விரல்களோடும்.

ஆனால் அம்மா, போன வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஓய்வுக்குப் பிறகும் நீங்கள் கௌரவ ஆலோசகராக வந்து, ஆண்டுவிழாவுக்கு நாற்பது பேர் நடிக்கும் ஒரு மணி நேர நாடகத்தை எழுதி, இரண்டே மாதத்தில் பழக்குவீர்கள் என்று அதில் இருக்கிறது. மேலாளர் ஐயா கேட்டதும் நீங்கள் "ஆயிடும் சார்" என்றீர்களாம். அந்த 'ஆயிடும்' எந்த ஊர்ச் சரக்கு என்று எங்களுக்குத் தெரியாதா? நாங்களே அதை மொத்தமாக விற்றவர்கள்! நேற்று படியேறும்போது மூன்று முறை நின்று மூச்சு வாங்கினீர்கள். பூமிகா கேட்டதற்கு, செருப்பு வார் அறுந்தது என்றீர்கள். இரண்டு வாரும் முழுசாகத்தான் இருந்தன, நாங்கள் பார்த்தோம்.

எனவே இந்த மடலின் மரச்சட்டத்துக்குக் கீழே அதே கொக்கியைப் பதித்திருக்கிறோம். அதில் எங்கள் ஐந்து பூட்டுகளையும் மாட்டிவிட்டோம். மேலாளர் ஐயா கோபிக்கலாம். மெமோ வந்தால் ஐவரும் சேர்ந்தே வாங்கிக்கொள்கிறோம். ஆறாவது துளை காலியாக இருக்கிறது. நேற்று நீங்கள் ஸ்டோரில் ஒப்படைத்த உங்கள் பூட்டை, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட பாக்கியநாதனே தாம்பாளத்தில் சால்வைக்கு அடியில் வைத்திருக்கிறார். எழுத ஆசையாக இருந்தால் மாட்ட வேண்டாம். எங்கள் ஐந்தையும் இங்கேயே கழற்றிவிட்டு உங்களோடு வருவோம். காரணம் கேட்கமாட்டோம். உண்மை மட்டும் வேண்டும்.

பல்லாண்டு வாழ்க என்று எல்லோரும் வாழ்த்துவார்கள். நாங்கள், இரவில் எட்டு மணி நேரம் தூங்கி, பகலில் நினைத்ததைச் சொல்லி, வேண்டாததை வேண்டாம் என்று மறுத்துப் பல்லாண்டு வாழ்க என்று வாழ்த்துகிறோம். ஒத்திகைதோறும் நீங்கள் எங்களைக் கேட்டதை, இதோ, இந்தச் சபையறிய ஒருமுறை நாங்கள் கேட்கிறோம்.

சாராக்கா, ஒடம்பு எப்டி கீது? நெசத்த சொல்லுங்க.

மைக் இனி உங்களுடையது.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
குணா, பூமிகா, பாக்கியநாதன், ஸ்டீபன், ஜெனிபர்
நாடகக் குழுவினரும் தொழிலாளர் அனைவரும்,
கும்மிடிப்பூண்டி.