முள்ளங்கி மெல்லும் ஓசை

மதியச் சாப்பாட்டை நான் தனியாகச் சாப்பிடுகிறவள். கொரியாவில், இந்தத் தேஜோன் நகரில் பதினோரு வருடம் இருந்தும் பல்கலைக்கழக உணவுக்கூடத்துக்குள் நான்கைந்து முறைதான் போயிருப்பேன். இதையும் நீங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை எளிமையானது. ஆட்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து மழை, குழந்தையின் அழுகை, ஒருவர் மெல்லும் ஓசை என்று ஒவ்வொன்றாகக் கேட்கவைப்போம். மூளையில் எந்த இடம் விழித்துக்கொள்கிறது என்று பார்ப்போம். சோதனைக்காக முதலில் படுத்தவள் நான். மெல்லும் ஓசை வந்ததும், அழுகிய மீனை முகர்ந்தவர்களுக்கு விழிக்கும் அதே இடம் எனக்கு விழித்தது. பேராசிரியர் மா அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிவைத்தார். ஆகவே என் அருவருப்பு கற்பனை இல்லை.

பக்கத்து மேசை பியோ ஹ்வாஜினுடையது. இருபத்தாறு வயது, நல்ல பெண். டப்பாவில் காரத்தில் ஊறவைத்த முள்ளங்கிக் கிம்ச்சி கொண்டுவருவாள். கடிக்கும் சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிறகு வாய்க்குள் அந்தக் கூழ் புரளும் சத்தம், பல்லிடுக்கில் நாக்கை விட்டு உறிஞ்சும் சத்தம். வெளியே போய்ச் சாப்பிடச் சொன்னேன்.

"எல்லாருக்கும் கோவம் மூக்கு மேல வரும். உங்களுக்குக் காதுல வருதுக்கா," என்று சிரித்தாள். எனக்காக இரண்டு நாள் மெதுவாக மென்றாள். அது இன்னும் மோசம்.

போன செவ்வாய்க்கிழமை ஸ்கேனுக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. நான் கேட்காமலே ஹ்வாஜின், தான் படுக்கிறேன் என்றாள்.

தலை அசையாமலிருக்க மாட்டும் கூண்டைப் பூட்டும்போது, "காதடைப்பான் வைக்கலியேக்கா?" என்றாள்.

"இன்னைக்குப் புது அமைப்பு. சத்தமே வராது," என்றேன். நம்பினாள்.

அந்த இயந்திரத்தின் சத்தம், பாறை துளைக்கும் கருவியைக் காதோரம் வைத்ததுபோல இருக்கும். ஆபத்தென்றால் அமுக்குவதற்கான ரப்பர் பந்தை வழக்கம்போல அவள் கையில் கொடுத்தேன். அதன் குழாயை முன்பே கழற்றியிருந்தேன். இருப்பதிலேயே இரைச்சலான ஸ்கேன் முறையைத் தேர்ந்து ஐம்பது நிமிடம் ஓட்டினேன். வலது காது முழுதாகப் போய்விட்டது, இடதில் ஓயாத இரைச்சல் என்று மருத்துவர் எழுதியதைக் காட்டினீர்கள். நான் மறுக்கவில்லை.

அவள் கத்தினாளா என்று கேட்டீர்கள். பத்தாவது நிமிடத்திலிருந்து கத்தினாள். இயந்திரம் இடைவெளி விடும்போதெல்லாம் என் அறை ஒலிபெருக்கியில் கேட்டது.

"அக்கா, நிறுத்துங்க. காது போகுதுக்கா."

பிறகு அழுதாள். சளியும் எச்சிலுமாக, விக்கி விக்கி அழுகிற சத்தம். அதனால் ஒலிபெருக்கியை மட்டும் அணைத்தேன். ஒருவர் துன்பப்படுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனசு எனக்கு இல்லை.