பிறக்காத செல்கள்

பதினாறு வருஷத்தில் நான் ஒரு நாள்கூட வேலைக்குத் தாமதமாக வந்ததில்லை, ஐயா. வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். நான் எப்படி வேலை செய்கிறவள் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும்.

என் வேலை பிரிப்பது. மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் குழந்தையின் குடலிலிருந்து ஓர் அரிசி அளவுக்குச் சதையைக் கிள்ளி எடுப்பார்கள். ஐஸ் பெட்டியில் அது கீழ்த்தளத்திலிருக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு வரும். வெதுவெதுப்பான திரவத்தில் அதைக் கரைத்து, ஒட்டிக்கொண்டிருக்கும் செல்களைச் சாகவிடாமல் தனித்தனியாகப் பிரித்துக் கொடுப்பேன். பிறகு இயந்திரம் ஒவ்வொரு செல்லையும் தனியாக விசாரிக்கும், இப்போது நீங்கள் என்னை விசாரிப்பதைப் போல. பத்தாயிரம் செல்களின் பதிலும் ஒரு படத்தில் பத்தாயிரம் புள்ளிகளாக விழும். அந்தப் படத்தைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறவர் சார். ஆய்வகத்தின் தலைவர் அவர்தான்.

குடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதன் சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் தாய்ச்செல்கள் இருக்கும். அவை பெற்றுப்போடும் பிள்ளைகள் மேலே ஏறும்போதே ஆளுக்கொரு தொழிலைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலானவை உணவை உறிஞ்சப் போகும். கொஞ்சம் பேர் சளி சுரப்பார்கள். நூற்றில் ஒன்றுதான் ஹார்மோன் சுரக்கும் செல்லாகும். நாலைந்து நாளில் எல்லாம் உச்சிக்குப் போய் உதிர்ந்துவிடும், அடுத்த கூட்டம் ஏறிவரும். அந்த நூற்றில் ஒன்று இல்லாமல் போனால், குழந்தை எதைச் சாப்பிட்டாலும் தண்ணீராகப் போய்க்கொண்டே இருக்கும்.

ஏன் இல்லை என்பதுதான் கேள்வி. அந்தச் செல்கள் பிறக்காமலே இருக்கலாம். அல்லது பிறந்த பின், உடம்பின் எதிர்ப்பு சக்தியே அவற்றைத் தேடிக் கொன்றிருக்கலாம். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். எங்கள் படத்தில்தான் வித்தியாசம் தெரியும். கொல்லப்பட்டிருந்தால், அந்தத் தொழிலுக்குக் கிளம்பிய இளம் செல்கள் பாதி வழியில் நிற்கும். பிறக்கவே இல்லையென்றால் பாதையே காலியாக இருக்கும். கொல்லப்பட்டிருந்தால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து கொடுக்க வேண்டும். பிறக்காத குழந்தைக்கு, அதாவது அந்தச் செல் பிறக்காத குழந்தைக்கு, ரத்தக்குழாய் வழியாக உணவு ஏற்றினால் தேறிவிடும். அதற்குப் போய் அந்த மருந்தைக் கொடுத்தால், சாதாரணச் சளிக்காய்ச்சலே குழந்தையை அடித்துக்கொண்டு போய்விடும்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது, எடை ஏழு கிலோ. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவோம். அவளுடைய சதைத் துணுக்கு கீழே வந்தபோது வேறு யார் கையிலும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நானே பிரித்தேன். மறுநாள் காலை சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, சாம்பிளைப் படிக்க முடியவில்லை என்றார். ஒரே ஒரு வரியில் அறிக்கையை முடித்திருந்தார்.

“கிடைச்ச வரைக்கும் படிச்சுச் சொல்லுங்க சார். பாதி தெரிஞ்சாக்கூடப் போதும்” என்றேன்.

“செத்த செல் பொய் சொல்லும்மா. அத நம்பி நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார்.

இன்னொரு முறை கிள்ளி எடுக்க மயக்கமருந்து கொடுக்க வேண்டும். அதைத் தாங்கும் தெம்பு சிட்டுவுக்கு இல்லை என்று மேலே கைவிரித்துவிட்டார்கள். டாக்டர்கள் தங்களுக்குள் பேசி, கொல்லப்பட்ட வகையாகத்தான் இருக்கும் என்று ஊகித்து மருந்தை ஆரம்பித்தார்கள். பதினோராம் நாள் நுரையீரலில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தாள். என் வீட்டுக்காரர் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. சார் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கிவிட்டுப் போனார். நான் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவரோடு ஒரே அறையில் வேலை செய்தேன். முகம் கோணியதில்லை. அவருக்குக் கண்ணாடி மறந்துபோகும், நான்தான் தேடிக் கொடுப்பேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றாரே, அந்தக் கையெழுத்தை ஒரே ஒரு முறை அவரிடமிருந்து வாங்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். வேறு கெட்ட எண்ணம் எதுவும் என் மனதில் இல்லை.

பஸ் ஓட்டுநரின் பையன் வந்தது போன மார்ச்சில். மூன்றரை வயது. அதே நோய். அப்பா வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே வந்து எங்கள் வராந்தா பெஞ்சில் உட்காருவார். பையனை மடியில் வைத்துக்கொண்டு, அவன் கையில் ஒரு மூடியைக் கொடுத்து ஸ்டியரிங் போலத் திருப்பச் சொல்லுவார். அவனும் சமர்த்தாகத் திருப்புவான்.

அவன் துணுக்கைப் பிரித்தேன். என் கைக்கு அதைவிட அழகாக ஒரு சாம்பிள் வந்ததில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து செல் உயிரோடு இருந்தது. எங்கள் உறைபெட்டியில் பழைய நோயாளி ஒருவனுடைய செல்கள் இருந்தன. அவனும் பையன்தான், கிட்டத்தட்ட அதே வயது. அவன் கொல்லப்பட்ட வகை. ஓட்டுநரின் பையனுடைய எண்ணில் அந்தப் பழைய செல்களை இயந்திரத்தில் ஏற்றினேன். பையனுடைய சொந்தச் செல்களை, பயிற்சி ஓட்டம் என்று எழுதி வேறொரு எண்ணில் ஏற்றினேன். எதையும் சரிபார்க்காமல் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. படம் வந்ததும் பார்த்தேன். பாதை சுத்தமாகக் காலி. அவன் பிறக்காத வகை. ஒருவேளை அவனும் கொல்லப்பட்ட வகையாக இருந்திருந்தால் என் வேலை வீணாகியிருக்கும், மருந்து அவனைப் பிழைக்கவைத்திருக்கும். அப்படி ஆகவில்லை.

பையனுடைய எண்ணில் வந்த பழைய செல்களின் படத்தை சார் இரண்டு நாள் கண்ணும் கருத்துமாகப் படித்தார். பாதி வழியில் நின்ற இளம் செல்களை எனக்கே விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு பேனாவை எடுத்தார். அறிக்கையை மேலே கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

வராந்தாவில் ஓட்டுநர் எழுந்து நின்றார். “அக்கா, என்னன்னு தெரிஞ்சிடுச்சாமே. உங்க கை ராசிதான்னு மேல நர்ஸம்மா சொன்னாங்க” என்றார்.

“சார்தான் கண்டுபிடிச்சார். அவருக்குச் சொல்லுங்க” என்றேன். அவர் உள்ளே போய் சாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

சிட்டு பதினோரு நாள். அவன் பத்தொன்பது நாள் தாங்கினான். இடையில் நான் இரண்டு முறை மேலே போய்ப் பார்த்தேன். எந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தாலும் மருந்தை நிறுத்தியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். மறைக்க விரும்பவில்லை.

செய்தி வந்த மதியம் சார் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எந்த இடத்தில் தப்பு செய்தேன், எந்த இடத்தில் தப்பு செய்தேன் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு ருசி தெரிந்து சாப்பிட்டேன்.

மாட்டியது கணக்கரால். கணினிப் பையனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சார் தூங்காமல் பழைய படங்களையெல்லாம் தோண்டச் சொல்ல, ஓட்டுநரின் பையன், அந்தப் பழைய நோயாளி இருவர் பெயரிலும் இருந்த செல்களில் மரபணு எழுத்து அட்சரம் பிசகாமல் ஒன்றாக இருப்பதைக் கணக்கர் பார்த்துவிட்டான். என்னிடம்தான் முதலில் வந்து கேட்டான். ஆமாம், நான்தான் மாற்றினேன் என்றேன். அவன் நம்பவில்லை. மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

இவ்வளவுதான் என்று சொல்லி முடித்திருப்பேன். ஆனால் நேற்று நீங்கள் சாரின் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். சிட்டுவின் துணுக்கு வெதுவெதுப்பான திரவத்தில் இருபத்தைந்து நிமிடம் இருக்க வேண்டியது, எழுபது நிமிடம் கிடந்து செல்கள் செத்துவிட்டன என்கிறார். திரவத்தைச் சூடாக வைக்கும் இயந்திரத்தில் நேரம் பதிவாகியிருந்ததாம். பெற்றவளிடம் அதை எந்த வாயால் சொல்வது என்று ஒரு வரியில் அறிக்கையை முடித்தாராம்.

அன்று மேலே சிட்டு மயக்கம் தெளிந்து என்னைக் கேட்டு அழுததாகச் சொன்னார்கள். போனேன். என் விரலைப் பிடித்தவள் விடவில்லை. எத்தனை நிமிடம் என்று யார் பார்த்தது.

ஆனால் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும் ஐயா. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டார். அன்றே என்னிடம் சொல்லியிருந்தால் அந்த ஓட்டுநரின் பையன் இன்று உயிரோடு இருப்பான். அதனால் குற்றப்பத்திரிகையில் முதலில் அவர் பெயரை எழுதுங்கள். இரண்டாவதாக என் பெயரை எழுதுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.