நீளமும் குட்டையும்

என் பெயரும் விலாசமும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியிருப்பது சரி. வயது ஐம்பத்தாறு. தொழில் விளம்பரப் பலகை எழுதுவது. அதை விட்டுப் பல வருடம் ஆகிறது, ஆனாலும் கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஊரில் ‘பிரஷ்’ என்றால்தான் என்னைத் தெரியும். புகார் கொடுத்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் என் மனைவியின் அண்ணன். இந்தத் தேர்தலுக்கான அவருடைய வேட்புமனுவில் நான் வேண்டுமென்றே கள்ளக் கையெழுத்துப் போட்டு அவரைக் கவிழ்க்கப் பார்த்தேன் என்பது புகார். மனு ஏற்பா, தள்ளுபடியா என்று நாளைக் காலை பதினொரு மணிக்குத் தேர்தல் அதிகாரி சொல்லப்போகிறார். அதற்குள் என் பதில் வேண்டும் என்று ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நாற்காலி போட்டார்கள். உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே சொல்கிறேன்.

மச்சான் முதல்முறை தேர்தலில் நின்றபோது பஸ் டிப்போவில் மெக்கானிக்காகவும் தொழிற்சங்கச் செயலாளராகவும் இருந்தார். நான் நானூறு சுவரில் அவர் பெயரை எழுதினேன். இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார். அந்த வருடமே அவர் தங்கையை நான் கல்யாணம் செய்துகொண்டேன். சுவர் எழுத வந்தவன் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டான் என்று டிப்போவில் கிண்டல் செய்தார்கள். அதன் பிறகு இரண்டாவது தேர்தலில் மச்சான் ஜெயித்தார். மறுநாளிலிருந்து சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தவர்கள் அலுவலக மாடிப்படி வரை நின்றார்கள். மச்சானின் கையெழுத்து போல்ட்டு முடுக்குவது மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக இறுக்கிப் போடுவார். மத்தியானத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். ஒருநாள் என்னிடம், “மாப்பிள்ளை, உன் கை சும்மாத்தானே இருக்கு, என் பேர்ல நீயே ஒண்ணு போடேன்” என்றார். நான் போட்டேன். முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசி எழுத்தின் வாலைப் பெயருக்குக் கீழே இடதுபக்கம் இழுத்துவிட்டேன். அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மச்சான் அதைப் பார்த்து ஒருவாரம் எழுதிப் பழகினார், வால் வரவில்லை. அதன் பிறகு அலுவலகத்தின் உள்ளறையில் சீல் வைப்பவன் என்ற பெயரில் உட்கார்ந்து எல்லாக் கையெழுத்தையும் நானே போட்டேன். மூன்றாவது தேர்தலில் ஜெயித்தார், நான்காவதில் தோற்றார், ஐந்தாவதில் மறுபடி ஜெயித்தார். அந்த மூன்று வேட்புமனுவிலும் இருப்பது என் கை. இது மச்சானுக்கும் என் மனைவிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

கடிதங்கள் அதிகமானதும் ஒரு துறை அதிகாரி நேரில் வந்து, “எல்லாருக்கும் லெட்டர் குடுத்துடறீங்க, இதுல எதைச் செய்யணும், எதை விடணும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று சலித்துக்கொண்டார். அதற்கு மச்சான் கண்டுபிடித்த வழி என் வால்தான். வால் முதல் எழுத்து வரை போனால் காரியத்தை முடிக்க வேண்டும். பாதியில் நின்றால் கடிதத்தை மேசை டிராயரில் போட்டுவிட வேண்டும். மச்சான் வெளியறையிலிருந்து தாளைக் கொடுத்தனுப்பி, “நீளம்” அல்லது “குட்டை” என்று குரல் கொடுப்பார். வந்தவர்கள் உறையின் அளவைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். குட்டை வாங்கியவர்கள்தான் அதிகமாக நன்றி சொன்னார்கள். ஏனென்றால் அவர்களை மட்டும் மச்சான் எழுந்து வாசல் வரை வந்து வழியனுப்புவார்.

என் மகள் நர்ஸ். பஸ்ஸில் ஏழுமணி நேரம் போக வேண்டிய ஊரில் வேலை. அவளுடைய குழந்தைக்கு இரண்டு வயது, எங்களிடம் வளர்கிறது. மாற்றல் கேட்டு விண்ணப்பித்துவிட்டு, பதினான்கு மாதத்துக்கு முன் மாமாவிடம் சிபாரிசுக் கடிதம் வாங்க வந்தாள். “என் தங்கச்சி பொண்ணுக்கு இல்லாத லெட்டரா?” என்று மச்சான் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. தாள் வந்தது. “குட்டை” என்றார். தவறாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக் கதவுப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொருமுறை, “குட்டை” என்றார். போட்டேன். கை தானாகப் போட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நான்தான் போட்டேன். மச்சான் அவளை வாசல் வரை கூட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு என்னிடம், “எலெக்‌ஷன் வருது. சொந்தக்காரிக்கு மாத்தல் வாங்கிக் குடுத்தான்னு நோட்டீஸ் அடிப்பானுங்க. ஜெயிச்சதும் பாத்துக்கலாம், மாப்பிள்ளை” என்றார். மகள் வாரம் தவறாமல் போன் செய்து, “அப்பா, மாமா லெட்டர் குடுத்தும் நகரலையே, நான் எழுதினதுல ஏதாவது தப்பா?” என்று கேட்பாள். நான் பொறும்மா, பொறும்மா என்பேன். போனை வைத்த பிறகு குழந்தையின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். எழுந்து தெருவில் நடப்பேன்.

இந்தமுறை வேட்புமனு வந்தபோது, “எனக்குக் கை வரல மச்சான், நீங்களே போடுங்க” என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்தார். அதன் பிறகு முறைத்துவிட்டு, நான்கு இடத்திலும் போல்ட்டு முடுக்கிக் கொடுத்தார். நேற்று மனுப் பரிசீலனையில் எதிர்க்கட்சி வக்கீல் போன தேர்தலின் மனுவை எடுத்து இதன் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே ஆள் கையா என்று கேட்டார். அதிகாரி ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து மச்சானை அங்கேயே கையெழுத்துப் போடச் சொன்னார். தன் கையெழுத்தைப் போட்டிருந்தால் புது மனுவோடு ஒத்துப்போயிருக்கும், அவர் தப்பித்திருப்பார். அவர் கண் பழைய மனுவின் வாலில் மாட்டிக்கொண்டது. அதைப் போட முயன்றார். வால் பெயருக்குக் கீழே போகாமல் மேலே ஏறி நின்றுவிட்டது. மூன்று தாளில் மூன்று கையெழுத்து. பின்வரிசையில் நின்ற எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பழைய கையெழுத்துதான் தன்னுடையது, புதியது கள்ளம் என்று அவர் அங்கேயே சொல்லிவிட்டு, நேராக இங்கே வந்து என்மேல் புகார் கொடுத்தார்.

இன்று காலை என் மனைவி இங்கே வந்தாள். “ஆமான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அண்ணன் புது மனு குடுக்க அனுமதி வாங்கிக்குவாரு, புகாரையும் வாபஸ் வாங்கிக்குவாரு. நம்ம பொண்ணுக்கு மாத்தல் ஆர்டர் சாயங்காலமே வந்துடும்னு சொல்றாரு” என்றாள். எனக்கு ஆசை வந்தது. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். அதன் பிறகு ஆய்வாளரிடம் அனுமதி வாங்கி மகளுக்குப் போன் செய்தேன். வால் விஷயம் முழுவதையும் சொன்னேன். கடைசியில், “நீங்களா போட்டீங்க?” என்று கேட்டாள். “ஆமாம்மா” என்றேன். “வார்டுல கூப்பிடறாங்க” என்று வைத்துவிட்டாள். என் மனைவி கேட்ட அந்த ஒரு வார்த்தையை நான் அங்கே சொல்லிவிட்டேன். இங்கே சொல்ல மீதியில்லை.

ஆகவே ஆய்வாளரின் கேள்விக்கு என் பதில், இல்லை. இந்த வேட்புமனுவில் இருப்பது சட்டமன்ற உறுப்பினரின் சொந்தக் கையெழுத்து. முந்தைய மூன்று மனுக்களிலும், அலுவலகத்திலிருந்து போன எல்லாச் சிபாரிசுக் கடிதங்களிலும், என் மகள் கைப்பையில் நகல் வைத்திருக்கும் கடிதத்திலும் இருப்பது நான் போட்டது. மேலே கண்டதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம் என்றேன். நடந்தது இதுதான் என்று என் பெயரை, என் கையால், முழுதாக எழுதிக் கொடுக்கிறேன்.

(ஒப்பம்)