ஆறு பேர் மட்டும்

மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். மலையேறும் ஒற்றைச் சாலை. இருபுறமும் காடு. எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை... பின்னாலும் இல்லை.

அந்தச் சாலையில் வாடகை வண்டியை ஓட்டிச் சென்றவர் என் நண்பனின் சித்தப்பா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். நண்பன் என் முகத்தைப் பாராமல், தரையைப் பார்த்துக்கொண்டே கூறியது இது. நாமும் மரவீட்டுப் பயணத்துக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம் அல்லவா? அதனால்தான் இன்றிரவு நினைவுக்கு வந்தது.

சித்தப்பாவின் கைபேசி ஒலித்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது. அவர் ஒலியை நிறுத்தினார்.

"யாருங்க?" என்றாள் மனைவி.

"ஆபீஸ்ல இருந்து. அப்புறம் பேசிக்கலாம்."

அடுத்த வளைவில் சமிக்ஞை போய்விட்டது.

சித்தப்பா மின்தூக்கி பழுதுபார்ப்பவர். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம். தாம் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் மின்தூக்கியையும் அவரே பராமரித்தார். அதன் உட்சுவரில் ஒரு தகடு உண்டு: 'ஆறு பேர் மட்டும்'. அதன் கீழே, அவசர உதவிக்கு ஒரு தொலைபேசி எண். அது அவருடைய எண்.

வண்டியிலும் அன்று ஆறு பேர்தாம். சித்தப்பா, அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், தம்பி, தம்பி மனைவி. ஏழாவதாக ஒருவர் இருந்திருக்க வேண்டும்... சித்தப்பாவின் அக்கா.

அக்கா அதே கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் தனியே வசித்தார். தாய் இறந்தபின் தம்பிகள் இருவரையும் வளர்த்து ஆளாக்கியவர் அவரே. காட்டுக்குள் மரவீட்டில் நான்கு நாள் தங்கலாம் என்ற யோசனையும் அவருடையதே. ஒரு மாதமாக, இரவு உணவுக்குப்பின் அனைவரும் சித்தப்பா வீட்டு மேசையைச் சுற்றி அமர்ந்து திட்டமிட்டனர். யாருக்கு எந்தக் கட்டில், எத்தனை போர்வை, எத்தனை டார்ச்... எல்லாவற்றையும் பட்டியலாக எழுதியவர் அக்கா.

அவருக்கு ஓயாத இருமல். இரவில் அது கூடும்; மார்பில் தைலம் தடவிக்கொள்வார்.

ஒருநாள் சமையலறையில் தம்பி மனைவி தணிந்த குரலில் சொன்னாள்: "நாலு ராத்திரியும் அந்த இருமலோடயா? அதுக்கு நம்ம வீட்லயே முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கலாம்."

சித்தப்பாவின் காதில் அது விழுந்தது. அவர் மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் மேசையில் அவர் பேச்செடுத்தார். "அக்கா, ஒரு சிக்கல். அந்த வீட்ல ஆறு பேருக்கு மேல விடமாட்டாங்களாம்."

"ஏன்டா, அதுவும் உன் லிஃப்ட் மாதிரியா? ஏழாவது ஆள் ஏறினா பெல் அடிக்குமா?"

பிள்ளைகள் சிரித்தனர். அக்காவும் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது.

"நாப்பத்தெட்டு கிலோடா நான். ஒரு சிமென்ட் மூட்டைகூட என்னைவிடக் கனம். ஒரு ஓரமா நின்னுக்கறேன், போ."

"இல்லக்கா. இப்ப கேன்சல் பண்ணிடறேன். அடுத்த மாசம் பெரிய வீடா பாத்து எல்லாருமா போலாம்."

அக்கா பட்டியலை நான்காக மடித்துத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

மரவீட்டுக்காரர் தொலைபேசியில் உண்மையில் சொன்னது வேறு. "ஏழு பேர்னா என்ன சார்? ஒரு கட்டில் சேத்துப் போட்டாப் போச்சு!" சித்தப்பா இதை ஒருவரிடமும் கூறவில்லை.

புறப்படுவதற்கு முந்திய மாலை, காவலாளி அவரை வழிமறித்தான்.

"சார், லிஃப்ட் கதவு மறுபடி மக்கர் பண்ணுது. பெல்லும் தானா அடிக்குது."

தோளில் போர்வை மூட்டையுடன் நின்ற சித்தப்பா சொன்னார்: "அது சும்மா அடிக்கும். கண்டுக்காத. ஊருக்குப் போயிட்டு வந்து பாக்கறேன்."

விடியற்காலை நான்கரை மணிக்கு ஆறு பேரும் கிளம்பினர். மின்தூக்கியின் ஓசை ஐந்தாம் மாடிவரை கேட்கும் என்பதால் படிகளில் இறங்கினர்... காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு.

மரவீடு அழகாகவே இருந்தது. மின்சாரம் இல்லை, அரிக்கேன் விளக்கு. ஈர மரத்தின் மணம். பத்து மணிக்கெல்லாம் அனைவரும் உறங்கினர்.

நள்ளிரவுக்குமேல் சித்தப்பா விழித்தார்.

ஓசை...

நீளமாக ஒன்று. பிறகு சிறிதாக இரண்டு. காட்டுக்குள், தொலைவில்... மணி.

கூர்ந்து கேட்டார். மணியின் ஓசையில் ஒரு விரிசல் இருந்தது. அந்த விரிசலை அவர் அறிவார். தம் கட்டடத்து மின்தூக்கியில் அவர் கையால் பொருத்திய மணி அது. அறைக்குள் ஈர மரத்தின் மணம் இல்லை. இயந்திர எண்ணெயும் இருமல் தைலமும் கலந்த வாடை...

மனைவி புரண்டு படுத்தாள். "என்னங்க... யாரோ பெல் அடிக்கிறாங்க?"

"சில்வண்டு. தூங்கு."

போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டார். மணி விட்டுவிட்டு அடித்தது. பின் நீண்டதொன்று... பாதியில் நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி பத்து நிமிடம்.

மறுநாள் நண்பகல் மலைமுகட்டுக்கு ஏறினர். அங்கே சமிக்ஞை கிடைத்தது. தவறிய அழைப்புகள் இருபத்து மூன்று. முதலாவது ஆறு நாற்பதுக்கு. கடைசி, மூன்று ஒன்பதுக்கு. எல்லாமே அக்காவிடமிருந்து.

அவர் திரும்ப அழைத்தார். எடுத்தவன் காவலாளி.

"சார்... அஞ்சாம் மாடி அம்மா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க சார். மூணாவது மாடிக்கும் ரெண்டாவது மாடிக்கும் நடுவுல. லீவு நாளு, பாதி வீடு பூட்டிக் கிடக்கு. காலையிலதான் சார் திறந்தோம்... மூச்சு இல்ல."

"பெல் அடிக்கலையா?"



"ராத்திரி முழுக்க அடிச்சுது சார். நீங்கதானே சொன்னீங்க... சும்மா அடிக்கும்னு."

அக்கா மருந்துக்கடைக்குப் புறப்பட்டிருந்தார். இவர்கள் போனது அவருக்குத் தெரியவே தெரியாது. கைப்பையில் அந்தப் பட்டியல் இருந்தது. கடைசி வரியைப் புதிதாகச் சேர்த்திருந்தார்: 'அடுத்த மாதத்துக்குள் இருமலைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.'

சித்தப்பா இன்றும் அதே தொழிலில்தான் இருக்கிறார். வேறு தொழில் அறியார். ஆனால் ஆறு பேர் ஏறக்கூடிய மின்தூக்கியில் அவருடன் நால்வர் நின்றால் மணி அடிப்பதில்லை. ஐந்தாமவர் காலெடுத்து வைத்தால், அவரோடு சேர்த்து ஆறே பேர்தாம் என்றாலும், அடிக்கிறது. எந்தக் கட்டடமாயினும் அப்படித்தான். கருவியைக் கழற்றிப் பார்த்துவிட்டார். மாற்றியும் பார்த்துவிட்டார். பழுது இல்லை.

ஒருநாள், ஆளில்லாத புதிய கட்டடத்தில், மின்தூக்கியின் எடை காட்டும் கருவியைக் கதவருகே பொருத்திவிட்டு உள்ளே தனியாக ஏறி நின்றார். அவர் எடை எழுபத்தொரு கிலோ. கருவி காட்டியது... நூற்றுப் பத்தொன்பது.

சட்டென்று வெளியே குதித்துத் திரும்பிப் பார்த்தார். உள்ளே யாருமில்லை.

கருவியில் நாற்பத்தெட்டு.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். அது அசையவில்லை... அசையவில்லை... தைல வாடை அவர் தோளருகே வந்தது.

அதன் பிறகுதான் பூஜ்யம் ஆயிற்று.