மூன்று கீறல் போட்ட கிண்ணம்

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். காகிதக் கோப்பையில் தந்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இந்தக் காவல் நிலையத்திலிருந்து கல்லெறியும் தூரத்தில் இருபது சூளைகள் இருக்கின்றன. அப்படியும் இங்கே ஒருவருக்குக்கூட ஒரு மண் கிண்ணம் வாங்கி வைக்கத் தோன்றவில்லை. மண்ணைப் பற்றித் தெரியாதவர்கள்தான் உலகத்தில் அதிகம். அவர்களோடு அறுபத்திரண்டு வருடம் வாழ்ந்து எனக்குப் பழகிவிட்டது.

என் பெயர் ஹதானோ செய்ஜிரோ. இம்பே ரயில் நிலையத்துக்கு வடக்கே, செங்கல் புகைக்கூண்டு தெரிகிற வீடு. ஏழு தலைமுறையாக எங்கள் சூளை எரிகிறது. நாங்கள் பாத்திரத்தின்மேல் எந்தப் பூச்சும் பூசுவதில்லை. மண், பைன் விறகு, பத்து நாள் நெருப்பு, அவ்வளவுதான். மினுமினுப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு வேறு ஊர்கள் இருக்கின்றன. பீங்கான் தட்டில் பூ வரைந்து கொடுப்பார்கள்.

மினோபே தஹேய் எப்படி இறந்தான் என்பதை நேற்றே சொன்னேன், நீங்கள் எழுதிக்கொள்வதற்காக மறுபடியும் சொல்கிறேன். அவன் என் தங்கை ஷிசுயோவின் கணவன். ஒகாயாமாவில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். பல் மருத்துவரின் வாசலில் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தவனை என் தங்கைக்குப் பிடித்துப்போனது. அவளுடைய ரசனையைப் பற்றி அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

முப்பத்தொன்பது வயதில் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தான். வந்த வாரமே பட்டறையில் நுழைந்து மண்ணைப் பிசைந்து பார்த்தான்.

"அண்ணே, ரொட்டி மாவு மாதிரியேதான் இருக்கு. என்ன, இது உப்பாது" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

நான் தடுக்கவில்லை. மழைக்கு ஒதுங்குகிற நாயைத் தடுக்கிறோமா என்ன? ஆறு வருடம் பிசைந்தான், சுற்றினான், உடைத்தான். பிறகு தேநீர்க் கிண்ணங்கள் செய்ய ஆரம்பித்தான். விளிம்பு தடிமன். இடுப்பு ஒரு பக்கம் சரிந்திருக்கும். வைத்த இடத்தில் குடிகாரன் மாதிரி உட்காரும். ஒன்றை என் முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

"எப்படி இருக்குண்ணே?"

"கவுத்து வெச்சா நல்லா இருக்கும்."

அதற்கும் சிரித்தான். ஷிசுயோவைக் கூப்பிட்டு, "அண்ணன் சொன்னதைக் கேட்டியா?" என்று இன்னொரு முறை சிரித்தான். அவமானப்படவும் ஒரு தகுதி வேண்டும். அவனுக்கு அது இல்லை.

அக்டோபர் திருவிழாவில் ஊரே கடை விரிக்கும். லாரி ஓட்டுகிறவர்கள், நர்சுகள், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிற பெண்கள் எல்லோரும் அவன் பலகைக்கு முன்னால் நிற்பார்கள். கிண்ணத்தை எடுப்பார்கள், இரண்டு கையாலும் பொத்துவார்கள், கீழே வைக்க மாட்டார்கள். என் பலகைக்கு வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். அதை மரியாதை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

போன ஏப்ரலில் கியோத்தோவிலிருந்து மிக்குரியா அம்மையார் வந்தார். ஐம்பது வருடமாகத் தேநீர்ச் சடங்கு கற்றுத்தருகிறவர். ஒரு விருந்துக்காக நல்ல கிண்ணம் ஒன்று தேடி வந்திருந்தார். நான் என்னுடையதில் சிறந்ததை முன்னால் வைத்தேன். என்னுடையதன் தரம் தெரிய ஒரு ஒப்பீடு வேண்டுமே என்று தஹேயுடைய ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன். அது என் யோசனைதான். ஒப்புக்கொள்கிறேன்.

அவர் இரண்டிலும் தேநீர் குடித்தார். என்னுடையதைத் துணியால் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப ஜாக்கிரதையா செஞ்சிருக்கீங்க" என்றார்.

தஹேயுடையதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குடித்து முடித்த பிறகும் அதை மடியில் வைத்துக்கொண்டே அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். போகும்போது அதை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்காக நான் அவனைக் கொன்றேன் என்று நினைத்துவிடாதீர்கள். எண்பது வயதுக் கிழவி ஒருத்தியின் ரசனை என்னை அசைக்காது. அவர் போன பிறகு நடந்ததைக் கேளுங்கள். தஹேய் கழுவுதொட்டியில் என் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைத் திரும்பிப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னான்.

"அந்தம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலண்ணே. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

அவன் எனக்காக இரக்கப்பட்டான், இன்ஸ்பெக்டர். ஏளனத்தை மனிதன் தாங்கிக்கொள்ளலாம். வாழ்நாள் முழுக்க நான் எல்லோருக்கும் அதைத்தான் தாராளமாகக் கொடுத்து வந்திருக்கிறேன், அதனால் யாரும் செத்ததில்லை. ரொட்டி பிசைந்தவனின் இரக்கம் வேறு சங்கதி.

நவம்பரில் சூளை மூட்டினோம். அவன் பாத்திரங்களும் என் பாத்திரங்களும் ஒரே சூளையில். ஆளுக்கு ஆறு மணி நேரம் மாறி மாறி விறகு போடுவோம். சூளைச் சுவரை ஒட்டிப் படுத்துக்கொள்ள ஒரு சின்ன அறை. சூளைப் பக்கம் ஒரு கதவு, தோட்டத்துப் பக்கம் ஒரு ஜன்னல். கடைசி நாளில் பக்கத்துத் துளைகள் வழியாக உள்ளே கரியைக் கொட்டிக் காற்றை அடைப்போம். அப்போதுதான் மண்ணில் அந்த நீலச் சாம்பல் நிறம் ஏறும். கரி மூச்சுத் திணறி எரியும்போது வருகிற வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அதனால் அந்த நாளில் அறையில் யாரும் படுக்கக் கூடாது என்பது என் அப்பா காலத்துச் சட்டம்.

பத்தாம் நாள் மதியம் அவனுக்குக் கண் சொக்கிப்போயிருந்தது. "கொஞ்சம் வீட்டுல போய்ப் படுத்துட்டு வரட்டுமாண்ணே?" என்று கேட்டான்.

"எதுக்கு அவ்வளவு தூரம்? இங்கேயே படு. நான் எழுப்பறேன்."

படுத்தான். அவன் எதையும் சந்தேகப்பட்டதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே இரண்டு மரத் துண்டுகளைச் செருகினேன். சூளைப் பக்கத்துக் கதவை ஒரு சாண் திறந்து, அதற்குமேல் நகராதபடி விறகை அடுக்கினேன். பிறகு கரியைக் கொட்டினேன். வழக்கமான அளவுதான். வேலையில் நான் எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன்.

இரண்டரை மணிக்கு ஷிசுயோ சாப்பாட்டு டப்பா கொண்டுவந்தாள்.

"அவரு எங்கண்ணா?"

"தூங்கறான். எழுப்பாதே."

"சாப்பிடாமயா?"

"எழுந்ததும் சாப்பிடுவான். நீ போ."

அவள் டப்பாவை வைத்துவிட்டுப் போனாள். சிறிது நேரத்தில் கதவிடுக்கிலிருந்து அவன் குரல் கேட்டது.

"அண்ணே, தலை பாரமா இருக்கு. ஜன்னல் திறக்க மாட்டேங்குது."

"சூடுதான். இன்னும் கொஞ்சம் படு."

"சரிண்ணே." பிறகு கேட்டான். "நெருப்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"இந்தத் தடவை உங்க கிண்ணமெல்லாம் நல்லா வரணும்ணே."

அவன் கடைசியாகப் பேசியது அதுதான். அப்போதும்கூட அவனால் எனக்காக இரக்கப்படாமல் இருக்க முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நான் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். பசித்தது. மீனில் உப்பு கூடுதல், ஷிசுயோவுக்கு என்றைக்குமே அளவு தெரியாது. நான்கு மணிக்கு விறகை விலக்கினேன். ஜன்னலில் செருகியிருந்த துண்டுகளை எடுத்துச் சூளைக்குள் போட்டேன். பிறகு கத்தினேன். வந்தவர்கள் அனைவரும் என் தோளைத் தட்டினார்கள். சூளை ஊர்களில் இப்படி நடப்பதுண்டு என்று உங்கள் ஆட்களே எழுதி, வழக்கை மூடினார்கள். அது மூடியே இருந்திருக்கும். நான் இங்கே வந்தது குற்ற உணர்ச்சியால் அல்ல. அந்தச் சூளையிலிருந்து வந்த ஒரு கிண்ணத்துக்காக.

சூளை ஆற ஒரு வாரமானது. திறக்கும்போது ஷிசுயோ பிடிவாதமாகக் கூட நின்றாள். கரி கொட்டிய இடத்திலிருந்து அந்தக் கிண்ணத்தை வெளியே எடுத்தேன். ஒரு பக்கம் நெருப்புச் சிவப்பு. மறு பக்கம் மழைக்கு முந்தைய வானத்தின் நீலம். இரண்டும் சேருமிடத்தில் சாம்பல் உருகி ஒரே ஒரு சொட்டாக நின்றிருந்தது. பக்கத்துச் சூளைக்காரர்கள் நான்கு பேர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நாற்பது வருடம் நான் காத்திருந்தது அதற்குத்தான்.

"இது என்னோடது" என்றேன்.

ஷிசுயோ அதை வாங்கிக் கவிழ்த்தாள். ஒரே சூளையில் இருவர் சுடும்போது அடையாளத்துக்காக ஆளாளுக்கு அடியில் ஒரு குறி போடுவோம். எனக்கு ஒரு வட்டம். தஹேய்க்கு மூன்று கீறல். அதில் மூன்று கீறல் இருந்தது.

"இது அவரோடது அண்ணா" என்றாள்.

வரும் வசந்தத்தில் ஒகாயாமா கண்காட்சியில் அவன் பெயரை எழுதி அதை வைக்கப்போகிறாளாம். எத்தனையோ பேர் வந்து பார்ப்பார்கள். பார்ப்பவர்களின் அறிவைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒரு பொய்யைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதை நான் அனுமதிக்க முடியாது. அந்த நீலம் ஏறக் கரி கொட்டியது நான் ஒருவன்தான் என்று சாட்சி சொன்னால், அப்போது அவன் எங்கே கிடந்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குறி தவறிப்போயிருக்கிறது. என் கிண்ணத்தின் அடியில் அவன் தன் குறியைப் போட்டிருக்கிறான். அது திருட்டு. அதையும் உங்கள் அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

நேற்று நான் சொன்னதைக் கேட்டு, இன்று காலையில் நீங்கள் ஷிசுயோவை வரவழைத்தது நல்லதாகப் போயிற்று. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தை இந்த மேஜைமேல் வைத்தாள். விளிம்புக்குக் கீழே, செய்தவன் ஈரமண்ணில் பெருவிரலை அழுத்திய குழி ஒன்று இருக்கிறது.

"உங்களோடதுன்னா விரலை வெச்சுக் காட்டுங்கண்ணா" என்றாள்.

வைத்தேன். நீங்களும் குனிந்து பார்த்தீர்கள். என் விரலைச் சுற்றி ஒரு அரிசிமணி புகும் அளவுக்கு இடம் இருந்தது. குழி பெரிதாக இருக்கிறது என்று நீங்கள் குறித்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

உங்களுக்கு மண்ணைப் பற்றித் தெரியாது, அதனால் விளக்குகிறேன். எங்கள் மண் சூளையில் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். கிண்ணம் சுருங்கும், அதிலிருக்கிற குழியும் சுருங்கும். ஏழு தலைமுறையில் ஒரு தடவைகூட வேறு மாதிரி நடந்ததில்லை. இந்த ஒன்று மட்டும் விரிந்திருக்கிறது. தஹேயைக் கொன்றது நான் என்று எழுதியிருக்கிற இடத்துக்குக் கீழேயே இதையும் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.